தலை கழுவிய வழக்கு

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள் சாய்ஃபெங். விழுந்த பள்ளம் நிரம்பவில்லை. போன வாரம் வீக்கம் கணுக்காலோடு நின்றிருந்தது. இப்போது முழங்காலை எட்டிவிட்டது.

"உப்பு சாப்பிட்டீங்களா?"

டன்பார் துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இல்லை."

"அப்போ ஊறுகாய்க் கீரை ஜாடியைத் திறந்தது எலியா?"

"இந்த வீட்டுல எலி இருக்கு. பெரிய எலி."

"அந்த எலிக்கு மூச்சு வாங்கினா என்னைக் கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. சாய்ஃபெங் அவரை நிமிர்த்தி, முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் செருகினாள். சில வாரங்களாகவே அவர் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். படுத்தால் மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. இதயம் தளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் ஆகும். ஷாங்காய்க் குளிரை, நிலக்கரி கிடைக்காத இந்த வீட்டில், இவர் தாங்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். துரைக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் ஊறுகாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம், இலையுதிர் காலத்தின் தொடக்கம் அது. குளிருக்கு முன்னால் அவர் ஹாங்காங் போய்ச் சேர வேண்டும். அவர் போனால்தான் அவளும் போக முடியும். அவளுடைய புருஷன் அங்கேதான் இருந்தான்.

யாங்ஷூபூவில் ஆற்றங்கரை முழுக்க ஆலைகள். சாய்ஃபெங் வேலை பார்த்தது டன்பார் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் பஞ்சாலையில், மருந்தறையில். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்திருந்தாள். கட்டுப் போடுவாள், ஊசி போடுவாள், பிரசவ வலி கண்ட பெண்களை ரிக்‌ஷாவில் ஏற்றிவிடுவாள், சில சமயம் ரிக்‌ஷா வருவதற்குள் தானே பார்த்துவிடுவாள். அவள் புருஷன் கென்ஃபா, அடுத்த மதிலுக்கு அந்தப் பக்கம், வூஷி ஊர்க்காரக் குடும்பம் ஒன்றின் ஆலையில் மெக்கானிக். நூற்புக் கதிர்களைக் கழற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி பொருத்துவதில் கெட்டிக்காரன். தன் தலையைக் கவனிப்பதில் மட்டும் சோம்பேறி. பஞ்சுத் தூசு படிந்து, வியர்வையில் ஊறி, மண்டையெல்லாம் புண்ணாகிவிடும். சனிக்கிழமைதோறும் அவள் அவனைக் காதைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக் கழுவிவிடுவாள்.

வடக்கே கம்யூனிஸ்ட் படை ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்த குளிர்காலத்தில் கென்ஃபாவின் முதலாளி பெட்டி கட்டினார். வீட்டுச் சாமான் அல்ல, ஆலையையே கட்டினார். கதிர்களையெல்லாம் கழற்றிக் கொழுப்பு தடவி, வைக்கோல் பாயில் சுற்றிக் கப்பலேற்றினார்கள். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்துகொண்டிருந்த இயந்திரங்கள் ஷாங்காய்க்கே வரவில்லை. நடுவழியிலேயே ஹாங்காங்குக்குத் திருப்பிவிடப்பட்டன. பொருத்துவதற்கு ஆள் வேண்டும் என்று கென்ஃபாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"பொருத்திக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்றான் கென்ஃபா. "அரை வருஷம் ஆகும்."

"உங்கம்மாவை யார் பார்த்துக்கறது?"

"நீதான்."

"அது எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும்னுதான் கேட்டேன்."

மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தாள். அதனால் சாய்ஃபெங் போகவில்லை. அந்த அரை வருஷம் முடிவதற்குள் படை ஊருக்குள் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் ஹாங்காங் தன் எல்லைப் பாலத்துக்குக் கதவு போட்டுவிட்டது. மாமியார் ஐம்பத்தொன்றில் இறந்தாள், முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லாமல். இனி அவளை ஊரில் பிடித்து வைப்பதற்கு எதுவும் இல்லை, பாலத்தைத் தவிர.

வெள்ளைக்காரக் கம்பெனி தன் ஆலையைக் கப்பலேற்றவில்லை. எத்தனையோ ராஜாங்கம் பார்த்தாயிற்று, புதியவர்களோடும் வியாபாரம் பண்ணிக்கொள்ளலாம் என்று லண்டனில் நினைத்தார்கள். யாரும் ஆலையைப் பிடுங்கவில்லை என்பதுதான் விசேஷம். பிடுங்கியிருந்தால் டன்பார் என்றைக்கோ ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். கடல் வழியை, தோற்று ஓடிய பழைய அரசாங்கத்தின் போர்க்கப்பல்கள் அடைத்தன. வெளிநாட்டுப் பஞ்சு வரவில்லை. மின்நிலையத்தில் குண்டு விழுந்தது, தறி நின்றது. வரி மட்டும் நிற்கவில்லை. ஒரு தொழிலாளியைக்கூட வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்றார்கள். நிற்கிற ஆலைக்குக் கூலி கொடுக்க லண்டனிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. ஆலையை ஓட்டவும் முடியாது, மூடவும் முடியாது. பொறுப்பில் இருக்கும் துரை ஊரைவிட்டுப் போகவும் முடியாது. கடைசியில் கம்பெனி, கட்டடம், தறி, வாசலில் இருந்த நாய் வரைக்கும் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று புது அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. எடுத்துக்கொள்வதற்கென்று ஒரு குழு வந்து கணக்கர் அறையில் உட்கார்ந்தது. அதற்குத் தலைவி தோழர் லுவான். ஷாண்டோங் பக்கத்துக்காரி, முப்பது வயதுக்காரி, படையோடு நடந்தே தெற்கே வந்தவள்.

டன்பாருக்கு மிச்சமிருந்தது வெளியேறும் அனுமதி ஒன்றுதான். ஊரைவிட்டுப் போகும் வெளிநாட்டுக்காரர் அதைப் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும். அவர்மேல் குறை இருப்பவர்கள் வந்து சொல்லலாம். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் போகலாம். இவரைத் தனியாக ரயிலேற்ற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கூடப் போகும் ஆளாக சாய்ஃபெங்கின் பெயரைப் போட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளை உள்ளே விடுவதற்குக் கம்பெனியின் ஹாங்காங் அலுவலகம் ஏற்பாடு செய்துவிட்டது.

விளம்பரம் வந்த வாரம், லுவான் தொழிலாளர்களைக் கூப்பிட்டு, துரையைப் பற்றித் தெரிந்ததைப் பயப்படாமல் சொல்லச் சொன்னாள். பலர் போய், காலை நேரம் வீணாகிறதே என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார்கள். அஜின் மட்டும் ஆசையாகப் போனாள்.

அஜின் வெளுப்புப் பிரிவில் வேலை பார்ப்பவள். கெட்டவள் அல்ல, வாய்தான் நீளம். நாற்பத்தேழாம் வருஷம் ஒரு நாள் காரக் குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டு, துணி வெளுக்கும் காரத் தண்ணீர் அவள் தலையில் கொட்டியது. அந்த நேரத்தில் முற்றத்தில் நின்றிருந்த டன்பார், அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பம்புக்குக் கீழே தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சாய்ஃபெங் ஓடி வந்து கழுவினாள். காதுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு முடி போய்விட்டது. கண் இரண்டும் தப்பியது.

இதைத்தான் அஜின் லுவானிடம் சொன்னாள். துரையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் போனாள்.

ஆனால் ஷாங்காய்ப் பேச்சில் கழுவுவதற்கு 'டா' என்று சொல்வார்கள். தலையை டா, காலை டா, கீரையை டா. அடிப்பதற்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. வடக்கே, லுவானின் ஊர்ப் பக்கம், 'டா' என்றால் அடிப்பது.

"சடையைப் பிடிச்சு முற்றம் பூரா இழுத்துட்டுப் போனாரு துரை" என்று அஜின் ஆரம்பித்தாள். "குனிய வெச்சு அமுக்கிக்கிட்டாரு. சாய்ஃபெங் அக்கா ஓடி வந்து டா, டா, டான்னு விடாம… எனக்கு அரை மயக்கம். இங்க பாருங்க" என்று முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள்.

லுவான் தழும்பைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கிவிட்டது. நல்ல மனசு என்று அஜின் நினைத்துக்கொண்டாள். எழுதியதை லுவான் படித்துக்காட்டினாள். அதிலும் டா என்றுதான் கேட்டது. அஜின் தலையை ஆட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.

மறுநாள் வெந்நீர்க் கடையில், பிளாஸ்குகளை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, சாய்ஃபெங்கிடம் பெருமையாகச் சொன்னாள். "அக்கா, உங்களுக்கும் துரைக்கும் சேர்த்து நல்லதா சொல்லியிருக்கேன். அந்த அம்மா அழுதே போச்சு. ஹாங்காங்ல இருந்து எனக்கு நைலான் காலுறை அனுப்பிடுங்க."

"உன் காலுக்கு நைலானா? ஒரு நாள் தாங்காது" என்றாள் சாய்ஃபெங். "ஆனா நல்லா சொன்னியே. அனுப்பறேன்."

அந்த வாரக் கடைசியில் அனுமதி வரவில்லை. அதற்குப் பதிலாக, துரையின்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது, விசாரணை முடியும்வரை பயணம் கிடையாது என்று தகவல் வந்தது. என்ன குற்றச்சாட்டு என்று சொல்லவில்லை. டன்பார் அதைக் கேட்டுவிட்டு, ஊறுகாய் ஜாடி எங்கே என்று கேட்டார். அவள் அதை முந்தின நாளே குப்பையில் கொட்டியிருந்தாள்.

பிறகு அவளையே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கணக்கர் அறையில் லுவான் மட்டும் இருந்தாள். புழுக்கத்திலும் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மூலையில் முகம் கழுவும் பேசின், அதன் பக்கத்தில் இரண்டு பிளாஸ்க். சாய்ஃபெங் உட்கார்ந்தாள்.

"தோழர் லூ சாய்ஃபெங், நீங்களும் தொழிலாளிதான். உண்மையைச் சொன்னா உங்களுக்கு நல்லது."

"கேளுங்க."

"நாற்பத்தேழுல அஜினோட தலையை நீங்க டா பண்ணினது உண்மையா?"

"உண்மைதான்."

லுவானின் பேனா நின்றது. மறுப்பாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். "ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்காம என்ன? நான்தான் பண்ணினேன். அங்க வேற யாருக்கும் அது ஒழுங்கா பண்ணத் தெரியாது."

"அப்போ துரை?"

"அவரு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அவ துள்ளினா. பிடிக்காம பண்ண முடியுமா?"

"எவ்வளவு நேரம்?"

"சாப்பாட்டுச் சங்கு ஊதற வரைக்கும். நடுவுல நிறுத்தினா பிரயோஜனமே இல்லை."

"அவ அழலையா?"

"அழாம? அழறாங்கன்னு விட்டுட முடியுமா? எல்லாரும்தான் அழறாங்க."

"எல்லாருமா? வேற யாரை டா பண்ணியிருக்கீங்க?"

சாய்ஃபெங் யோசித்தாள். இந்தக் கேள்வி அவளுக்கு வினோதமாக இருந்தது; ஆனால் குழுவில் இருப்பவர்கள் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "ஆலையில பாதிப் பேரை. குழந்தைக் காப்பகத்துப் பசங்களை வாரம் ரெண்டு தடவை, தலையில பேன் இருந்தா தினமும். என் மாமியாரைப் படுக்கையில வெச்சே டா பண்ணுவேன், அவங்க சாகற வரைக்கும்."

"சாகற வரைக்கும்…"

"எந்திரிக்க முடியாதே, பாவம். அப்புறம் என் வீட்டுக்காரரை, சனிக்கிழமை சனிக்கிழமை. மாட்டேன்னுதான் சொல்லுவாரு. காதைப் பிடிச்சு உட்கார வெச்சிடுவேன். முடிஞ்சதும் அவரே சுகமா இருக்குன்னு சொல்லிட்டுத் தூங்கிடுவாரு."

லுவானின் முகம் வெளுத்துவிட்டது. தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, தன்னை அறியாமல் உச்சந்தலையைச் சொறிந்தாள். நன்றாக, நாலு விரலாலும் சொறிந்தாள். சாய்ஃபெங்கின் கண் அங்கே போனது. எண்ணெய் இறங்கி ஒட்டிப்போன முடி, வேர்க்கால்களில் சிவப்பு. இப்படி ஒரு மண்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது.

"தோழரே, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க" என்று எழுந்தாள். "உங்க தலையை யாராவது டா பண்ணியே ரொம்ப நாளாயிருக்கும் போல. கொஞ்சம் வாங்க, இப்பவே பண்ணி விட்டுடறேன்."

லுவான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கை இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. "பக்கத்துல வராதீங்க!"

சாய்ஃபெங் பக்கத்தில் வரவில்லை. மூலையில் பேசினைத் தூக்கிப் பலகைமேல் வைத்து, பிளாஸ்கின் தக்கையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வெந்நீரை ஊற்றி, முழங்கையை நுழைத்துச் சூடு பார்த்தாள்.

"அது எதுக்கு?" என்றாள் லுவான்.

"எது?"

"தண்ணி."

"தண்ணி இல்லாம எப்படி டா பண்றது?"

பிறகு லுவான் மெதுவாகக் கையை மூடி, முஷ்டியால் தன் தலையில் குட்டிக் காட்டினாள். "டா?"

சாய்ஃபெங் பத்து விரலையும் தன் தலையில் விட்டுத் தேய்த்துக் காட்டினாள். "டா."

லுவான் விழுந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்து, அதில் உட்கார்ந்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "படையோட இந்த ஊருக்கு வந்து மூணு வருஷமாச்சு. கீரைக்காரி 'டா பண்ணித் தரட்டுமா'ன்னு கேட்டா, எதுக்கு என்மேல இவ்வளவு கோவம்னு நினைச்சுக்கிட்டு நான் பேசாம வந்துடுவேன்."

"வந்து, தலையைக் குனிங்க. தண்ணி ஆறுது" என்றாள் சாய்ஃபெங்.

துவைக்கிற சோப்பைத்தான் போட வேண்டியிருந்தது. மூன்று தண்ணீர் மாற்றினாள். நாலாவதற்கு அஜினைக் கூப்பிட்டு வெந்நீர் வாங்கி வரச் சொன்னாள். பிளாஸ்கோடு உள்ளே வந்த அஜின், குழுத் தலைவி சட்டைக் காலரை மடக்கிவிட்டுக்கொண்டு பேசினுக்குள் தலையை விட்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நடந்ததை அவளுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தண்ணீர் பாதி ஆறிவிட்டது.

"அடிச்சாங்கன்னு நானா சொன்னேன்?" என்று கத்தினாள். "சாய்ஃபெங் அக்கா அடிச்சிருந்தா நான் உயிரோட இருப்பேனா? அந்தக் கையைப் பாருங்க!"

"இந்தத் தடவை மெதுவா பேசு. நான் எழுதணும்" என்றது பேசினுக்குள்ளிருந்து லுவானின் குரல்.

லுவான் நேர்மையானவள். முன்பு எழுதியதை அடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. நடந்ததையெல்லாம் விளக்கமாக எழுதினாள். வெளிநாட்டுத் துரை தொழிலாளியைக் காப்பாற்ற உதவினார் என்றும், மருந்தறைத் தோழர் லூ சாய்ஃபெங்கின் திறமையாலும் நிதானத்தாலும்தான் அந்தப் பெண்ணின் கண்பார்வை பிழைத்தது என்றும் எழுதினாள். சந்தோஷமாகவே மேலே அனுப்பினாள்.

சில நாள் கழித்துப் பதில் வந்தபோது, லுவான் அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. தானே மருந்தறைக்கு வந்தாள். சாய்ஃபெங் ஒரு தறிக்காரரின் விரலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் போகும்வரை லுவான் பெஞ்சில் காத்திருந்தாள்.

"துரைக்கு அனுமதி வந்துடுச்சு."

"எனக்கு?"

லுவான் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினாள். "ஆலை இப்போ நம்ம ஆலை. மருந்தறையைப் பெரிசாக்கப் போறாங்க, படுக்கையெல்லாம் போட்டு. நான் எழுதினதைப் படிச்சிருக்காங்க. இவ்வளவு திறமையான ஆளை வெளியே விடக் கூடாதாம். துரைகூடப் போறதுக்கு ஆஸ்பத்திரியில இருந்து ஒரு ஆண் நர்ஸை அனுப்பறாங்க. பாலம் வரைக்கும்."

சாய்ஃபெங் அழுக்குக் கட்டுத் துணியைச் சுருட்டி வாளியில் போட்டாள். கை கழுவினாள். துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மோசமா கழுவியிருக்கணும் நான்" என்றாள்.

"எழுதினது நான்தான்" என்றாள் லுவான். "நல்லதுன்னு நினைச்சேன்."

"அஜினும் நல்லதுன்னுதான் நினைச்சா. ரெண்டு பேருமே என்மேல கொஞ்சம் பாசத்தைக் குறைச்சுக்கலாம்."

லுவான் சிரிக்கவில்லை. "ஒரு வழி இருக்கு. நீங்க மனு போடலாம். இந்த நோயாளிக்கு நீங்கதான் வேணும், வேற ஆள் சரிப்படாதுன்னு டாக்டர் எழுதித் தந்தா, ரெண்டு பேரோட விஷயமும் சேர்ந்து மேல போகும். கிடைக்கும்னுதான் நினைக்கறேன். ஆனா லேசுல திரும்பி வராது, அதுவரைக்கும் துரையும் போக முடியாது. வசந்த விழா தாண்டிடும்."

புது வருஷம் பிறக்கும் வசந்த விழாவுக்கு இன்னும் முழுக் குளிர்காலம் இருந்தது. சாய்ஃபெங் டன்பாரின் காலை நினைத்துப் பார்த்தாள். அன்று காலை தொடையில் அழுத்தியபோதும் பள்ளம் விழுந்தது. கென்ஃபாவையும் நினைத்தாள். நாலு வருஷத்தில் அவன் முகம் கொஞ்சம் மங்கிவிட்டது. மண்டை மட்டும் நன்றாக நினைவிருந்தது. இரண்டு சுழி, வலது பக்கம் ஒரு வடு.

"நர்ஸ் எப்போ வரான்?" என்று கேட்டாள்.

"மனு?"

"மனு போட்டா நான் கூட்டிட்டுப் போறதுக்குத் துரை இருக்க மாட்டாரு. நர்ஸை முன்னாடியே வரச் சொல்லுங்க. தலையணையை எப்படி வைக்கணும்னு காட்டணும்."

டன்பாரிடம் அன்றைக்கே சொன்னாள். அவர் கோபப்பட்டு, தன்னுடைய உடைந்த பேச்சில், கட்டிலைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "நான் காத்திருக்கேன். நீ, நான், ஒண்ணா போறோம். நான் கம்பெனி ஆள். வாக்குக் கொடுத்தது கம்பெனி."

"காத்திருந்தா பெட்டியிலதான் போவீங்க. அதுக்கு நர்ஸ் தேவையில்லை, தச்சன் போதும்."

"உன் வீட்டுக்காரர்?"

"அவரு எங்கயும் ஓடலை. மாத்திரையை முழுங்குங்க."

புறப்படும் நாளில் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். லுவான் லாரி கொடுத்திருந்தாள். வந்த நர்ஸ், பையன் என்று சொல்ல முடியாத வயசுக்காரன், சாதுவானவன். சாய்ஃபெங் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக் காட்டினான். உப்பு இல்லை. படுக்கவைக்கக் கூடாது. தண்ணீரை அளந்து கொடு. கெஞ்சினாலும் ஊறுகாய் வாங்கித் தராதே, இவர் கெஞ்சுவார். டன்பாரை ஜன்னலோரம் உட்காரவைத்து, காலுக்குக் கீழே தன் பழைய பஞ்சு மெத்தைத் துண்டைப் போட்டாள்.

"உன் வீட்டுக்காரரைப் பார்ப்பேன்" என்றார் டன்பார். "என்ன சொல்லணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "தலையை டா பண்ணிக்கச் சொல்லுங்க."

"வேற?"

"வேற எதுக்கு? மத்ததெல்லாம் அவருக்கே தெரியும். இதுதான் மறந்துடுவாரு. சொல்லுங்க பார்ப்போம்: தலையை டா."

இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் இருந்த மனிதர் ஒரு வாக்கியத்தை முதல் முறையாக ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டு, எதிர் இருக்கையில் இருந்த வடக்கத்தி ஆள் ஒருவர் மெல்ல எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். ரயில் நகர்ந்தபோதும் ஜன்னல் வழியாக டன்பாரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சாய்ஃபெங் அதற்குமேல் நிற்கவில்லை. மதியத்துக்கு மருந்தறையைத் திறக்க வேண்டியிருந்தது.

ஆலைக்குப் புதுப் பெயர் வந்தது. மருந்தறைக்குப் படுக்கைகள் வந்தன, வெள்ளை விரிப்போடு. பஞ்சு உள்நாட்டிலிருந்தே வந்தது, தறிகள் ஓடின. வேலை அதிகம். அஜின் மட்டும் சில நாள் அவளைக் கண்டால் ஒளிந்துகொண்டாள். ஒரு நாள் சாய்ஃபெங் அவளைப் பிடித்து நிறுத்தி, "நைலான் காலுறைதானே போச்சு, அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்று கேட்டாள். அஜின் அங்கேயே அழுதுவிட்டு, அதன் பிறகு பழையபடி பேச ஆரம்பித்தாள், கொஞ்சம் கூடுதலாகவே.

வசந்த விழா முடிந்து, ஆலை திறந்த சமயம். ஜலதோஷம், இருமல் என்று மருந்தறை பெஞ்சு நிறைய ஆட்கள். சாய்ஃபெங் தலை நிமிராமல் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அடுத்து. என்ன உங்களுக்கு?"

"தலை."

"தலைக்கு என்ன? தொப்பியைக் கழட்டுங்க."

தொப்பி கழன்றது. இரண்டு சுழி, வலது பக்கம் ஒரு வடு. மண்டை முழுக்கப் புண்.

அவள் கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"துரை அங்க எங்க ஆலைக்கு வந்தாரு" என்றான் கென்ஃபா. இளைத்திருந்தான். "ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. முற்றத்துல பெஞ்சு போட்டு உட்கார வெச்சோம். அங்க இருக்கறவன் எல்லாம் நம்ம ஊரான். எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, பெரிசா பேசப் போறாருன்னு பார்த்தா, தலையை டா, தலையை டான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு, நீ வர மாட்டேன்னு."

"வேலை?"

"விட்டுட்டேன்."

"நல்ல கூலி."

"நல்ல கூலிதான்."

"அந்தப் பக்கம் பாலத்துல திரும்ப விட மாட்டாங்க. தெரியுமா?"

"தெரியும். இந்தப் பக்கம் வரதுக்கு யாரும் ஒரு கேள்வி கேக்கலை."

"அங்கயே ஒழுங்கா கழுவிக்கிட்டு இருந்திருக்கலாமே! அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பினேன்."

"அந்த ஊருல தண்ணி ஏது? குழாயைத் திறந்துவிட்டு மூடறதுக்குள்ள ஒரு வாளி நிறையறது கஷ்டம்."

இது புத்தியுள்ள காரியமா இல்லையா என்பதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பிற்பாடு எத்தனையோ வருஷம் சண்டை போட்டார்கள், முடிவு காணவில்லை. அன்றைக்கு அதற்கு நேரமில்லை. பெஞ்சில் இன்னும் பாதிப் பேர் காத்திருந்தார்கள். சாய்ஃபெங் பேசினை எடுத்து வைத்து வெந்நீரை ஊற்றினாள். முழங்கையால் சூடு பார்த்தாள்.

"குனிங்க" என்றாள்.

அவன் காதைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தானே குனிந்தான்.